தாங்கும் மரமும் தங்கும் செடியும்

மண்ணைத் தொடாமல் மரத்தின் மேல் முளைத்து, மரத்தின் மேலேயே பூத்துக் காய்த்து மடியும் செடிகளை இலங்கைப் பாடநூல்கள் மேலொட்டிகள் என்கின்றன. தமிழ்நாட்டில் தொற்றுச்செடி என்பார்கள். இவற்றில் ஒன்றை இன்னதென்று அடையாளம் காண்பது தாவரவியலின் வேலை. அந்த வேலை பாதியில் நிற்கும்போதே வேறொரு கேள்வி குறுக்கிட்டுவிடும். இன்னோர் உயிரின் மேல் நின்று வாழ்வது, அந்த உயிரிடமிருந்து எடுத்து வாழ்வதாகுமா? எதையாவது சார்ந்தே நிற்க வேண்டிய ஒன்றுக்குத் தனக்கென ஓர் இயல்பு உண்டா? சைவ சித்தாந்தமும் பௌத்தமும் தத்தம் வழியில் நெடுங்காலம் எண்ணிப் பார்த்த கேள்வி இது. அவ்விரு சமயத்தாரும் அடுத்தடுத்து வாழும் இலங்கையின் மலைநாட்டில், அதற்கான சான்றுகள் மரக்கிளைகளிலேயே கிடைக்கின்றன.

கினிகத்தேனை நுவரெலியா மாவட்டத்தின் மேற்கு வாசலில் இருக்கிறது. அவிசாவளையிலிருந்து ஹட்டன் போகும் ஏ7 வீதி கித்துல்கலையைக் கடந்து வளைந்து வளைந்து ஏறி இந்தச் சிறு நகரத்தை அடைகிறது. கீழே தாழ்நில மழைக்காடு, மேலே மலைக்காடு. இரண்டும் கைகோக்கும் உயரம் இது. மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவக்காற்று நேராக வந்து முட்டுவது இந்தச் சரிவுகளில்தான். ஹட்டன் பாதையில் அடுத்து வரும் வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைச் சுற்றி நிற்கும். இலங்கையில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களுள் அது ஒன்று. தேயிலை மலைகளுக்கு இடையே, உழ முடியாத பாறைச் சரிவுகளிலும் கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா போன்ற ஆறுகளின் கரைகளிலும் காடு துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. கெஹெல்கமு ஓயா 98 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அபர்டீன் நீர்வீழ்ச்சி இந்தப் பகுதியில்தான் உள்ளது. தெற்கே சிவனொளிபாத மலையைச் சுற்றிய பெருங்காடு, 2010இல் மத்திய மலைநாட்டின் உலக மரபுரிமைப் பிரதேசத்தில் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டது.

மேலொட்டியின் வாழிடத்தைச் சொல்வதற்குக் காட்டின் பெயர் போதாது. ஒரே மரத்தில் அடிக்கும் உச்சிக்கும் வெவ்வேறு ஊர்கள். அடிமரத்தில் வெளிச்சம் குறைவு, ஈரம் அதிகம். அங்கே பாசியும், கண்ணாடித் தாளைப் போல ஒளி ஊடுருவும் மெல்லிய பெரணிகளும் ஒட்டிக் கிடக்கும். கிளைகள் பிரியும் கவட்டில் உதிர்ந்த இலை தங்கும். அங்கே பறவைக்கூட்டுப் பெரணி குந்தியிருக்கும். வெயிலும் காற்றும் படும் மேற்கிளைகளுக்கு ஓர்க்கிட்டுகள் உரியவை. சொரசொரப்பான பட்டை விதையைப் பிடித்துக்கொள்ளும். உரிந்து உரிந்து விழும் பட்டை அதை உதறிவிடும். கிளையின் மேற்புறத்தில் இருப்பது பக்கவாட்டில் இருக்காது. ஆகவே ஒரு மேலொட்டியைக் கண்டவர் குறித்துக்கொள்ள வேண்டியவை எந்த மரம், எந்த உயரம், எந்தப் பக்கம், பட்டை எப்படி என்பவை. பூவை மட்டும் கிள்ளி எடுத்துவந்து பெயர் கேட்பவருக்கு, நிலத்துச் செடியானால் விடை கிடைக்கும். மேலொட்டியானால் பாதி விடைதான் கிடைக்கும்.

கொல்லிமலைச் சந்தைகளில் சூப்புக்கு விற்கும் முடவாட்டுக்கால் இந்த வகைச் செடிதான். இலங்கைக் காடுகளிலும் அது உண்டு. பழுப்பு மயிர் அடர்ந்த அதன் தண்டு ஆட்டுக்கால் போலக் கிளையைத் தழுவிக் கிடக்கும். அதில் இரண்டு வகை இலைகள் உண்டு. நீண்டு பச்சையாக நிற்பவை உணவு சமைக்கும் இலைகள். மற்றவை குட்டையானவை, முளைத்துச் சில காலத்தில் பழுப்பேறிக் காய்ந்துவிடும், ஆனால் உதிராமல் கிளையோடு கவிந்து நிற்கும். மேலிருந்து விழும் சருகும் தூசியும் அந்தக் காய்ந்த கூடைக்குள் சேர்ந்து மக்கி மண்ணாகும். அந்த மண்ணில் முடவாட்டுக்கால் தன் வேரை விடும். மரத்தில் துளை போடவில்லை. மரத்தின் சாற்றைத் தொடவுமில்லை. தனக்கு வேண்டிய நிலத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டது.

மலைநாட்டின் நடுத்தர உயரத்து ஈரக்காடுகளில், நிழலான மரங்களிலும் பாறைகளிலும், இதைவிடச் சிக்கலான ஒரு செடி தொங்குகிறது. ரிப்சாலிஸ் பாக்சிபெரா என்பது அதன் அறிவியற் பெயர். பார்வைக்குப் பச்சைக் கயிறுகளை அவிழ்த்துத் தொங்கவிட்டதைப் போல இருக்கும். பென்சிலைவிட மெல்லிய உருண்டைத் தண்டுகள் இரண்டு மூன்றாகப் பிரிந்து பிரிந்து கீழ்நோக்கி வளரும். முதிர்ந்த செடியில் இலையும் கிடையாது, முள்ளும் கிடையாது. இளஞ்செடியின் தண்டில் மட்டும் மெல்லிய மயிர்முட்கள் இருக்கும். அது எந்தக் குடும்பத்துச் செடி என்பதற்கான குறிப்பு அதில் ஒளிந்திருக்கிறது. வெண்மையான சிறு பூக்கள் தண்டின் பக்கத்தில் ஒட்டினாற்போல் பூக்கும். பிறகு முத்துப் போன்ற வெள்ளைப் பழம். நசுக்கினால் உள்ளே பசை. பசையில் கருநிற நுண்விதைகள். பழத்தைத் தின்ற பறவை அலகையோ கழிவையோ கிளையில் தேய்க்கும்போது விதை ஒட்டிக்கொள்கிறது.

இது கள்ளி. பாலைவனத்துக்கு உரியது என்று எல்லாரும் நினைக்கும் கள்ளிக் குடும்பம், மழைக்காட்டு மரத்தில் முள்ளில்லாமல் தொங்குகிறது. அக்குடும்பத்தின் இயற்கைத் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். அவற்றுக்கு வெளியே, மனிதர் கொண்டுபோய் நடாமல் இயல்பாக வளர்வதாகக் கருதப்படும் ஒரே கள்ளி இதுதான். ஆபிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இலங்கையிலும் அது உண்டு. மரக்கிளையில் வாழ்வதும் ஒருவகையில் பாலைவன வாழ்வே. மழை நின்ற சில மணி நேரத்தில் பட்டை உலர்ந்துவிடும். நீரைச் சேமிக்க மண் இல்லை. பாலைக் கள்ளிகளைப் போலவே இதுவும் பகலில் தண்டின் நுண்துளைகளை மூடி, இரவில் திறந்து காபனீரொட்சைட்டை எடுத்து வைத்துக்கொள்கிறது.

இந்தச் செடிக்குப் பெயர் வைத்த கதை அறிவாராய்ச்சி படிப்போருக்கு ஒரு பாடம். 1770களில் லண்டனில் வாழ்ந்த ஜெர்மன் ஓவியர் ஜொஹான் செபாஸ்டியன் முல்லர், ஆங்கிலேயர் ஜோன் மில்லர் என்று அழைத்தவர், இதைக் கசைதா என்ற பேரினத்தில் வைத்துப் பெயரிட்டார். கசைதா என்பது நம் கொத்தான் கொடியின் பேரினம். வேலியிலும் புதரிலும் மஞ்சள் நூலாகப் படர்ந்து, தொட்ட இடமெல்லாம் உறிஞ்சுறுப்பைப் பதித்துச் சாறு குடிக்கும் ஒட்டுண்ணி. இலையில்லாத நூல் தண்டு, சிறு பழம், வேறொரு மரத்தின் மேல் இருப்பு: மூன்றும் பொருந்தின, பெயரும் ஒட்டிக்கொண்டது. பழங்களையும் விதைகளையும் ஆராய்வதிலேயே பேர்போன யோசப் கேர்ட்னர் 1788இல் ரிப்சாலிஸ் என்ற தனிப் பேரினத்தை உண்டாக்கினார். இன்று வழங்கும் முழுப்பெயரை ஸ்டேர்ண் 1939இல் அமைத்தார். எதையும் பறிக்காத செடி ஒன்று அறிவியல் ஏட்டில் பறிப்போர் கூட்டத்தில்தான் முதலில் பதிவானது.

தவறு எங்கே நேர்ந்தது என்று சொல்லச் சைவ சித்தாந்தத்தின் அளவை இயல் போதும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், அறியும் வழிகளைப் பற்றிப் பேசிவிட்டே பொருளைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியே காட்சி. இதுவா அதுவா என்று மனம் இரண்டில் ஊசலாடுவது ஐயம். ஒன்றை மற்றொன்றாகத் துணிந்துவிடுவது திரிபு. மலைப்பாதையில் நின்று, தொங்கும் பச்சை நூல்களை அண்ணாந்து பார்ப்பவருக்குக் கொத்தானா குருவிச்சையா என்ற ஐயம் வருவது இயல்பு, குற்றமுமில்லை. முல்லருக்கு வந்தது திரிபு.

அதே நூல் பொருளின் இயல்பை இரண்டாகப் பிரிக்கிறது. பிற இனத்திலிருந்து மட்டும் பிரித்துத் தன் இனத்தோடு சேர்த்துக் காட்டுவது பொதுவியல்பு. பிற இனத்திலிருந்தும், தன் இனத்திலுள்ள மற்றவற்றிலிருந்தும் பிரித்துக் காட்டுவது சிறப்பியல்பு. பேரினம், இனம் என்று இன்றைய தாவரவியல் அடுக்கும் படிகளுக்கு இது வெகு அருகில் வருகிறது. லின்னேயஸுக்கு ஐந்நூறு ஆண்டு முந்திய மடத்து நூலில் இந்தத் தெளிவு இருப்பதைச் சைவப் பாடசாலைகள் இன்னும் உரக்கச் சொல்லலாம். மரத்தின் மேல் இருப்பது, இலையில்லாமல் இருப்பது, வெண்பழம் தருவது என்பவை பல இனங்களுக்குப் பொது. அவற்றை வைத்துத் துணிந்ததுதான் பிழை. சிறப்பியல்பு வேறோர் இடத்தில், செடியும் மரமும் சேரும் புள்ளியில் இருக்கிறது.

அந்தப் புள்ளியைக் கிட்டத்தில் பார்த்தால் ஐயம் தீரும். குருவிச்சை, தமிழ்நாட்டார் புல்லுருவி என்பது, கிளையோடு சேரும் இடத்தில் ஒரு முடிச்சுப் போலப் பருத்திருக்கும்; கத்தியால் குறுக்கே வெட்டினால் அதன் உறிஞ்சுவேர் மரக்கட்டைக்குள் ஆப்பாக இறங்கியிருப்பது தெரியும். பச்சை இலை உடையதால் உணவைத் தானே சமைக்கிறது. நீரையும் உப்பையும் மரத்திடம் எடுக்கிறது. கொத்தான் சுற்றிப் பின்னும், சுற்றிய இடமெல்லாம் சிறு வில்லைகள் பதிந்திருக்கும். ரிப்சாலிஸோ சுற்றுவதே இல்லை, நேராகத் தொங்குகிறது. அதன் வேர்கள் பட்டைப் பிளவிலும் பாசியிலும் பரவிக் கிடக்கும். மெல்லப் பெயர்த்தால் பாசியோடு கையில் வரும். மரத்தில் புண் இருக்காது.

ஆனாலும் தமிழ் மரபின் பழைய வகைப்பாடுகளில் இதற்கு ஓர் இருக்கை தேடினால் கிடைப்பது அரிது. தொல்காப்பிய மரபியல் தாவரங்களைப் புறத்தே வயிரம் உடையன, அகத்தே வயிரம் உடையன என்று புல்லாகவும் மரமாகவும் பிரித்தது. பூக்களைக் கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என நான்காகப் பகுப்பது வழக்கம். மாமரத்துக் கிளையில் பூத்த ஓர்க்கிட் எதில் சேரும்? கோட்டில் பூத்தது உண்மை; கோட்டினுடைய பூ என்பது பொய். இடத்தை வைத்துப் பொருளை அறிவது தமிழுக்குப் பழகிய வழி. குறிஞ்சி பூவுக்கும் பெயர், நிலத்துக்கும் பெயர். மேலொட்டி அந்த வழியை ஒரு படி ஆழமாகப் போகச் சொல்கிறது. அதன் இடம் இன்னோர் உயிர்.

இங்கே தருக்க நூலார் வகுத்த ஒரு வேறுபாடு கைகொடுக்கிறது. நியாய வைசேடிகர் பொருள்களின் சேர்க்கையை இருவகையாகக் கொண்டனர். தனித்தனியே இருந்தவை வந்து கூடுவது சையோகம். மேசையும் அதன் மேல் வைத்த புத்தகமும் போல, பிரித்தாலும் இரண்டும் மிஞ்சும். உறுப்பும் உறுப்பியும், குணமும் குணியும் சேர்ந்திருப்பது சமவாயம். அங்கே பிரிப்பது அழிப்பதாகும். இலைக்கும் மரத்துக்கும் உள்ளது சமவாயம். மேலொட்டிக்கும் மரத்துக்கும் உள்ளது சையோகம். குருவிச்சைதான் இந்தப் பாகுபாட்டைத் திணறடிக்கிறது. சையோகமாக வந்து சேர்ந்து, மரத்தின் நாளங்களோடு தன் நாளங்களை இணைத்துக்கொண்டு, சமவாயம் போல நடிக்கிறது. அதைப் பிடுங்கினால் அது சாகும், கிளையிலும் புண் விழும். ஒட்டுண்ணி என்று பழிப்பதற்கு மாறாக, தன்னது அல்லாத உறவைத் தன்னதாக ஆக்கிக்கொண்டது என்று வருணிப்பது அதற்குப் பொருந்தும்.

பௌத்த நூல்கள் இந்தச் செடிகளைக் கூர்ந்து பார்த்திருக்கின்றன. மச்சிம நிகாயத்தில் வரும் மாலுவாக் கொடியின் உவமை பலருக்குத் தெரியும். கோடையின் முடிவில் கொடியின் விதை ஒன்று சால மரத்தடியில் விழுகிறது. மரத்தில் வாழும் தேவதை அஞ்சுகிறது. உறவான மற்ற தேவதைகள் வந்து, விதையை மயில் தின்னும், மான் தின்னும், கரையான் அரிக்கும் என்று தேற்றுகின்றன. ஒன்றும் தின்னவில்லை. முளைத்த தளிர் மென்மையாகத் தழுவியபோது தேவதைக்கு அந்தத் தொடுகை இன்பமாகவே இருக்கிறது. பிறகு கொடி மேலேறிக் கவிந்து பெருங்கிளைகளை முறிக்கிறது. இன்பம் தந்து பின்னர் துன்பத்தில் முடியும் வழக்கங்களுக்கு அது உவமை.

இதைவிட வியப்பானது சம்யுத்த நிகாயத்தின் மரம் பற்றிய சிறு சூத்திரம் ஒன்று. நுண்ணிய விதையிலிருந்து பேருருவாக வளர்ந்து, பிற மரங்களைச் சூழ்ந்து, சூழப்பட்டவற்றை முறித்து வீழ்த்தும் பெருமரங்கள் சில உண்டு என்று அது பட்டியலிடுகிறது. ஆல் அதில் இருக்கிறது, அத்தி இருக்கிறது, அரசும் இருக்கிறது. அறிவைக் கவிந்து மழுக்கும் ஐந்து தடைகளுக்கு, நீவரணங்களுக்கு, இவை ஒப்பு. புத்தர் மெய்யறிவு பெற்றது அரச மரத்தடியில். அதன் கிளையைச் சங்கமித்தை அநுராதபுரத்துக்குக் கொணர்ந்தார் என்பது இலங்கைப் பௌத்தத்தின் அடித்தளம். அந்த மரத்தையே கொலைகார மரங்களின் வரிசையில் வைக்க அந்த நூல் தயங்கவில்லை. தாவரவியலின்படியும் அது சரி. அரசும் ஆலும் பெரும்பாலும் பறவையின் எச்சத்தில் வந்து இன்னொரு மரத்தின் கவட்டில் மேலொட்டியாகவே வாழ்வைத் தொடங்குகின்றன. வேர் தரையைத் தொட்ட நாளிலிருந்து கதை மாறும். தாங்கிய மரம் நெரிபட்டு உள்ளேயே உளுத்துப்போகும். மலைநாட்டில் வீட்டுச் சுவரில் அரசங்கன்று முளைத்தால் பிடுங்கப் பௌத்தரும் இந்துக்களும் ஒரே மாதிரித் தயங்குகிறார்கள். புனிதம் மரத்தின் நடத்தையிலிருந்து வரவில்லை, அதனடியில் நடந்ததிலிருந்து வந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சார்பு என்ற நிலையைச் சைவ சித்தாந்தம் அணுகும் விதம் வேறு. மெய்கண்டாரின் சிவஞானபோத வழியில் உயிர் ஒருபோதும் தனித்து நிற்பதில்லை. கட்டுண்ட நிலையில் பாசமாகிய தளையைச் சார்ந்திருக்கும். விடுபட்டபோது பதியாகிய இறைவனைச் சார்ந்திருக்கும். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்பது அவர்களின் துணிபு. அருகிலுள்ள பூவின் நிறத்தைக் காட்டும் பளிங்கை உவமையாகச் சொல்வார்கள். இதன்படி சார்ந்திருப்பது இழிவே இல்லை. எதைச் சார்கிறது என்பதுதான் கேள்வி. உயிர் முத்தியிலும் அழிந்துபோவதில்லை. இறைவனோடு பிரிப்பின்றி நின்றாலும் உயிராகவே நிற்கும். சார்பும் தனித்தன்மையும் ஒன்றையொன்று விழுங்கவேண்டியதில்லை என்ற இந்த நிலைப்பாட்டுக்கு மேலொட்டி ஒரு பகுதி சான்றாகிறது. பலா மரத்தில் இருந்தாலும் சவுக்கு மரத்தில் இருந்தாலும் ரிப்சாலிஸ் ரிப்சாலிஸே. ஆனால் பளிங்கு உவமை இங்கே செல்லாது. தாங்கும் மரத்தின் வண்ணம் அதில் ஏறுவதில்லை. சித்தாந்தி இதற்குத் தரக்கூடிய விடை, உயிரின் சார்பு அறிவுச் சார்பு, செடியின் சார்பு இடச் சார்பு என்பதாக இருக்கும். அது தப்பிக்கும் விடை அல்ல. உவமையின் எல்லையைச் சரியாக வரையும் விடை.

பௌத்தம் சார்பையே முதற்பொருளாக வைக்கிறது. தமிழில் மணிமேகலையின் இறுதிக் காதை, பேதைமை முதல் வினைப்பயன் ஈறாகத் தொடரும் பன்னிரு சார்புகளை விரிக்கிறது. ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றும்; சார்பு அற்றுத் தானாக நிற்கும் பொருள் இல்லை. புத்தரின் சீடர் சாரிபுத்தர் மற்றொரு சீடரான மகாகொட்டிதருக்குச் சொன்ன நாணற்கட்டு உவமை இதன் உச்சம். ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய இரண்டு நாணற்கட்டுகளில் ஒன்றை எடுத்தால் மற்றது விழும். அறிவும் அருவுருவும் அப்படி நிற்கின்றன. மேலொட்டியை முதல் பார்வையில் பார்த்தால் இந்த உவமை பொருந்தாது. செடியைப் பெயர்த்தால் மரம் விழாது. மரம் விழுந்தால் செடி விழும். சார்பு ஒருபக்கமாகவே தெரிகிறது.

ஒருபக்கச் சார்பு என்ற இந்த முடிவைக் காட்டின் உச்சி ஆராய்ச்சிகள் தளர்த்தியிருக்கின்றன. அமெரிக்கச் சூழலியலாளர் நளினி நட்கர்னி 1981இல் வெளியிட்ட ஆய்வில், மேலொட்டிகள் கிளைகளில் சேர்த்துவைத்த மண்ணுக்குள் அந்த மரங்களே தம் கிளையிலிருந்து வேர்விட்டு இறங்கியிருப்பதைக் காட்டினார். தரையில் நூறடி கீழே வேர் இருக்க, மரம் தன் கையிலிருந்து இன்னொரு வேரை நீட்டி, விருந்தாளி சேர்த்த உரத்தில் பங்கு கேட்கிறது. அவர் பார்த்தது வடஅமெரிக்காவின் மழைக்காட்டு மரங்கள் முதலியவற்றை. ஆயினும் மேலொட்டி பெறுவது மட்டுமே என்ற எளிய கணக்கு அத்தோடு முடிந்தது. மறுபக்கமும் உண்டு. மழையில் நனைந்து ஊறிய பெரணிக் கொத்தின் பாரம் கிளையை முறிக்கும். தேயிலைத் தோட்டங்களில் கவ்வாத்து வெட்டியபின் செடியின் கட்டையில் படிந்த பாசியைச் சுரண்டிவிடுவது இந்த மறுபக்கத்தை அறிந்தவர்களின் வழக்கம்.

ஓர்க்கிட்டின் பிறப்பு இந்த வழக்கை இன்னும் குழப்புகிறது. அதன் விதை தூசியளவு. உள்ளே சேமித்த உணவு அநேகமாக இல்லை. 1899இல் பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார் கண்டறிந்தபடி, ஒரு பூஞ்சை உள்ளே புகுந்து ஊட்டினால்தான் அது முளைக்கும். பச்சை இலை விடும்வரை ஓர்க்கிட் குஞ்சு அந்தப் பூஞ்சையைத் தின்றே வளர்கிறது. மரத்திடம் ஒரு துளி எடுக்காத சாதுச் செடி, கண்ணுக்குத் தெரியாத இன்னோர் உயிருக்குக் கடன்பட்டே எழுகிறது. பறிக்காமல் வாழும் உயிர் எது என்று தேடிப்போனால் கைக்கு ஒன்றும் அகப்படாது போலும். சமணர் தாவரங்களை ஓரறிவுயிராகக் கொண்டு, கொல்லாமையை முழுமையாக வாழ முடியாது, குறைத்துக்கொண்டே போகத்தான் முடியும் என்று படிநிலைகளாக வகுத்ததில் உலகைப் பார்த்த அனுபவம் இருக்கிறது.

இடத்துக்கு உரிமை என்பதும் சார்போடு சேர்ந்த கேள்வி. அத்திலாந்திக்கையும் இந்து சமுத்திரத்தையும் தாண்டி ரிப்சாலிஸ் இலங்கைக்கு எப்படி வந்தது என்பதில் ஒருமித்த விடை இல்லை. பறவையின் வயிற்றில் என்பார் சிலர். மாலுமிகளோடு கப்பலில் என்பார் சிலர். எப்படி வந்தாலும் தாவரவியல் நூல்கள் அதை இலங்கைத் தாவரமாகவே எழுதுகின்றன. அதன் பாட்டன் எந்தக் கண்டத்தில் முளைத்தான் என்று கேட்பதில்லை. அது தொங்கும் மலைகளைக் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் பண்படுத்தியவர்கள் 1820களிலிருந்து தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களிடம் தந்தையோ பாட்டன் முதலிய முன்னோரோ பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டது. பெரும்பாலோரிடம் அந்தத் தாள் இல்லை. தாவரத்துக்குக் காட்டிய தாராளத்தை மனிதருக்குக் காட்ட அந்த நாட்டுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

இவ்வளவும் வழிபாட்டில் வந்து சேரும் இடம் ஒன்று உண்டு. இலங்கைக்கே உரிய ஓர்க்கிட் ஒன்றைச் சிங்களத்தில் வெசாக் மல என்பார்கள். டென்ட்ரோபியம் மக்கார்த்தியே என்பது அறிவியற் பெயர்; பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளராயிருந்த துவெயிட்ஸ் சூட்டிய அந்தப் பெயர் 1855இல் அச்சேறியது. கித்துல்கலை பக்கம் இறங்கும் வகையான தாழ்நில ஈரக்காடுகள் அதன் இடம். மெல்லிய தண்டுகள் கிளையிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும். நுனியில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பெரிய பூக்கள், முழுதும் விரியாமல், கழுத்தில் கருஞ்சிவப்புத் திட்டோடு. வெசாக் பௌர்ணமியை ஒட்டிப் பூப்பதால் அந்தப் பெயர். டிசம்பர்ப் போயாவில் தொடங்கும் சிவனொளிபாத யாத்திரைப் பருவம் முடிவதும் அதே வெசாக்கில்தான். மலையிறங்கும் அடியாரும் விகாரைக்குப் போகும் உபாசகரும் பூத்தேடும் நாட்களில், காட்டில் அந்தப் பூ கண்ணில் படுகிறது.

பறிக்கலாமா என்ற கேள்விக்கு மரபுகள் ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. விநய பிடகத்தின் பாசித்திய விதிகளில் பதினோராவது, தாவரத்தைச் சேதப்படுத்துவதைப் பிக்குவுக்குத் தடுக்கிறது. ஆளவி என்ற ஊரில் பிக்கு ஒருவர் மரம் வெட்டியபோது அதில் குடியிருந்த தேவதை புத்தரிடம் முறையிட்டதே அதன் காரணக் கதை. இல்லறத்தாருக்கு அந்தத் தடை இல்லை. அவர்கள் பறித்துக் கொண்டுவந்து பீடத்தில் வைக்கிறார்கள். வைக்கும்போது சொல்லும் பாளிச் செய்யுளின் கருத்து, இந்தப் பூ வாடுவதைப் போல இந்த உடலும் அழிவுறும் என்பது. சைவத்தில் மலர் எடுப்பதற்கே தனி விதிநூல் உண்டு. கமலை ஞானப்பிரகாசர் இயற்றிய புட்பவிதி அவ்வகை. உதிர்ந்த பூ பூசைக்கு ஆகாது என்பது பொது வழக்கு. பவளமல்லிக்கு விலக்கு உண்டு. ஆகவே சைவர் பறித்தாக வேண்டும், பௌத்தத் துறவி பறிக்கவே கூடாது.

இரண்டு மரபும் ஒன்றைச் சொல்லாமலே ஏற்றுக்கொண்டிருக்கின்றன: பறித்த இடத்தில் செடி நிற்கும், அடுத்த ஆண்டும் பூக்கும். அரளியும் மல்லிகையும் அப்படித்தான். பூவின் நிலையாமையைப் பாடம் சொல்ல, செடி ஓரளவு நிலைத்திருக்க வேண்டும். வெசாக் மலரோடு நடப்பது பெரும்பாலும் பூப்பறிப்பு அல்ல. உயரத்திலிருந்து எட்டிப் பறிக்க வழியில்லாமல் கொத்தோடு கிளையிலிருந்து பெயர்த்து, வீட்டில் வளர்க்கலாம் என்று கொண்டுபோகிறார்கள். பூஞ்சையும் பட்டையும் ஓங்கிய மழையும் கூட வருவதில்லை. செடி சில பருவங்களில் மெலிந்து சாகிறது. அது காட்டில் அருகிப்போனதற்குக் காடழிப்போடு இந்த ஆசையும் காரணம். தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937 முதல் நாட்டில் இருக்கிறது. ஓர்க்கிட்டுகளின் பன்னாட்டு வணிகத்தை சைட்டிஸ் உடன்படிக்கையும் கட்டுப்படுத்துகிறது. கிளையிலிருந்து பெயர்க்கும் கையை இவை எட்டுவது எப்போதாவதுதான்.

அடையாளம் காண்பதற்குச் சொன்ன விதியே இங்கும் வேலை செய்கிறது. மரம், உயரம், பட்டை, மழை ஆகியவற்றை நீக்கி மேலொட்டியைப் பாதிதான் அறிய முடியும் என்றால், அவற்றை நீக்கி எடுத்த செடி பீடத்துக்கு வரும்போது பாதிச் செடியாகவே வருகிறது. கையெட்டும் கிளையில் பூத்ததில் ஒரு பூவைக் கிள்ளி எடுப்பவர் சைவ விதிக்கும் பௌத்த இல்லறத்தாரின் வழக்கத்துக்கும் உட்பட்டே நிற்கிறார், சட்டத்தின் முன் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தாலும். செடியைப் பெயர்ப்பவருக்கு எந்த மரபிலும் துணை இல்லை. நாற்றுமேடையில் வளர்த்து விற்கும் ஓர்க்கிட்டுகளின் பூ இன்று பேராதனைச் சந்தையிலும் ஹட்டன் கடைத்தெருவிலும் கிடைக்கிறது. பூசைக்கு அது குறைந்தது என்று சொல்லும் விதி எதுவும் இல்லை.